வாலாட்டிக் குருவிகளும் எடுக்காத ஒரு படமும்

அந்தக் குளிர்காலத்தில் எனக்கு முப்பது வயது. ஆம்பூர்க் கடைத்தெருவில் ஒரு மாடியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாண ஜோடிகளையும் தோல் வியாபாரிகளையும் நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுப்பது பிழைப்பு. ஆசை வேறொன்றில் இருந்தது. தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பழைய ரிஃப்ளெக்ஸ் கேமரா ஒன்று என் கைக்கு வந்திருந்தது. மேலிருந்து குனிந்து பார்த்தால் எதிரே இருப்பது கண்ணாடியில் தெரியும். பொத்தானை அழுத்தினால் நாம் கண் இமைப்பதற்குள் அதன் திரை திறந்து மூடிவிடும். அதை வைத்துக்கொண்டு பறக்கும் குருவியைப் படம் எடுத்துவிட வேண்டும் என்று எனக்குப் பித்துப் பிடித்திருந்தது.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் வாலாட்டிக் குருவிகள் எங்கிருந்தோ வந்து இறங்கும். மஞ்சள் வயிறு, ஒல்லி உடம்பு, நிற்காமல் ஆடும் வால். பறக்கும்போது யாரோ தூக்கித் தூக்கிப் போடுவதுபோல ஏறி இறங்கிப் போகும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் மெல்லிய குரல் ஒன்று கொடுக்கும். பாலாற்றங்கரையில் அவற்றைத் தேடி அலைந்து, கடைசியில் ஒரு தோல் ஷாப்பின் பின்புறத்தில் கண்டுபிடித்தேன். தோல் பதனிடும் இடங்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அங்கே கழிவு வாய்க்காலில் ஈ மொய்க்கும். ஈக்களுக்காகக் குருவிகள் வரும். குருவிகளுக்காக நான் போனேன்.

அந்த வாய்க்கால் ஓரத்தில் ஒரு அம்மாள் வேலை செய்துகொண்டிருந்தாள். சுண்ணாம்பில் ஊறவைத்து ஆட்டுத்தோலிலிருந்து வழித்தெடுத்த மயிரைச் சாக்கில் கட்டி அலசுவது அவள் வேலை. புருஷன் இல்லை. ஒரே மகள், பதினெட்டு வயது இருக்கும். தாய் அலசிக் கொடுக்க மகள் வெயிலில் உலர்த்துவாள்.

மூன்று நாள் என்னைப் பார்த்துவிட்டு நான்காம் நாள் அந்த அம்மாள் கேட்டாள்.

“இன்னாய்யா, தெனம் இங்க வந்து குந்திக்கினு இருக்கீங்க? நாத்தம் கொடலப் புடுங்கல?”

“குருவி பறக்கும்போது படம் எடுக்கணும்மா. எப்ப கெளம்பும்னே தெரியல. நான் பொத்தான அழுத்துறதுக்குள்ள போயிடுது.”

அவள் சிரித்துவிட்டாள். “இதுக்கா இந்தப் பேஜாரு? நான் சாக்க கல்லுல அடிச்சா எல்லாம் ஒட்டுக்காப் பறக்கும். எப்பவும் அந்தச் செவுத்துப் பக்கமாத்தான் போகும். நீங்க கேமராவ அங்க திருப்பி வெச்சிக்கினு சொல்லுங்க, அடிக்கிறேன்.”

அதன் பிறகு தினமும் அப்படியே நடந்தது. மார்கழிப் பனி விலகி வெயில் சுவரில் விழும் நேரத்துக்கு நான் போய்விடுவேன். குருவிகள் கூடும் வரை அவள் சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் தலையசைத்தால் ஓங்கி அடிப்பாள். முழங்கை வரை சுண்ணாம்பு தின்று வெளுத்த கைகள் அவை. ஈரச் சாக்கு எவ்வளவு கனம் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

மகள் என் கைகளையே கவனிப்பாள். ஒரு நாள் கேட்டாள். “ஒவ்வொரு தடவயும் அந்த மூடிய எதுக்கு வெளிய இழுக்கிறீங்க?”

உள்ளே கண்ணாடி பிளேட்டு இருக்கிறது, மூடியை இழுத்தால்தான் அதில் வெளிச்சம் படும், படம் எடுத்ததும் திரும்ப மூடிவிட வேண்டும் என்று சொன்னேன். புரிந்துகொண்டாள். மறுநாள் ஒரு முறை அவசரத்தில் மூடியை இழுக்காமல் நான் தலையசைக்கப் போனபோது, “ஐயா, மூடி!” என்று கத்தியதும் அவள்தான்.

தை பிறந்ததும் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குக் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை. ஊரை விட்டுக் கிளம்ப ஆறு நாள் இருந்தது. அந்த அம்மாள் என்னிடம் வந்து, முதல் தடவையாக ஒன்று கேட்டாள்.

“எம் பொண்ண ஒரு படம் எடுத்துக் குடுங்கய்யா. கண்காணாத ஊருக்குப் போறா. மூஞ்சியப் பாத்துக்கினு இருப்பேன்.”

“அதுக்கென்ன, நாளைக்கே எடுத்துடலாம்” என்றேன்.

மறுநாள் மகள் கல்யாணப் புடவையில் வந்து நின்றாள். தாய் எங்கிருந்தோ கனகாம்பரம் வாங்கி வைத்துவிட்டிருந்தாள். வேலைக்காரப் பெண்கள் நாலைந்து பேர் கைவேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

என்னிடம் அப்போது ஒரே ஒரு பிளேட்டுதான் மிச்சம் இருந்தது. பட்டணத்திலிருந்து ரயிலில் வரவேண்டிய பெட்டி பண்டிகை நெரிசலில் தங்கிவிட்டது. அந்த வாரம் பனி குறைந்து வெயில் முன்னைவிடத் தெளிவாக விழுந்தது. குருவிகளும் என்றைக்கும் இல்லாத அளவுக்குக் கூடியிருந்தன. அந்த ஒரு பிளேட்டை நான் குருவிகளுக்கென்று மனதில் எடுத்து வைத்துவிட்டேன்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பெட்டி வரட்டும், இரண்டு நாள் பொறும்மா என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால், அந்த ஜோடனைக்கு முன்னால், அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேமராவைத் தூக்கினேன். “இந்தப் பக்கம் பாரும்மா, அசையாத” என்றேன். மூடியை இழுக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன். திரை சத்தமாக விழுந்தது. பெண்கள் சிரித்தார்கள். தாய் மகளுக்குத் திருஷ்டி கழித்தாள். அவள் கிளம்புவதற்குள் பெட்டி வந்துவிடும், முதல் படம் சரியில்லை என்று சொல்லி வேறொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் அந்தப் பிளேட்டில் குருவிகளை எடுத்தேன். அந்த அம்மாள்தான் சாக்கை அடித்தாள். வழக்கத்தைவிட உற்சாகமாக அடித்தாள். அன்றிரவு பிளேட்டைக் கழுவியபோது ஏழு குருவிகள் இருந்தன. ஒன்று சிறகை முழுக்க விரித்திருந்தது. ஒன்று சிறகை மடித்து விதைபோலக் காற்றில் நின்றது. இன்னொன்றின் அலகு திறந்திருந்தது, குரல் கொடுக்கும் நேரம். ஒரு சிறகு நுனிகூடக் கலங்கவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் நினைவே எனக்கு அப்போது வரவில்லை.

பெட்டி வரவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த அம்மாள் ஸ்டூடியோ மாடி ஏறி வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

“படம் வந்துடுச்சாய்யா?”

“படம் கெட்டுப்போச்சும்மா” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஒம் பொண்ணு அசைஞ்சிட்டா. மொகமே கலங்கிப்போச்சு.”

பறக்கும் குருவியின் சிறகையே நிறுத்திய படம் அப்போது என் பின்னால் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. “அசையாதடின்னு எத்தினி தபா சொன்னேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கிப் போனாள்.

மறுநாள், பிளேட்டுப் பெட்டி வந்ததா என்று பார்க்க ரயிலடிக்குப் போனேன். பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கே வண்டிக்காக நின்றிருந்தார்கள். தாய்க்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை போலிருக்கிறது. என்னைக் கண்டதும் அந்தப் பெண் மட்டும் கிட்டே வந்தாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“நான் அசையலய்யா. நீங்க மூடிய இழுக்கல. பாத்துக்கினுதான் இருந்தேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றேன். எவ்வளவு கேவலமான பேச்சு.

“எல்லாரும் நின்னுக்கினு இருந்தாங்க. மறந்துட்டீங்கன்னு சொல்லத்தான் வாயத் தெறந்தேன். உங்க மூஞ்சியப் பாத்தேன். மறக்கலன்னு தெரிஞ்சிச்சு.” மாப்பிள்ளை நின்ற பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். “அம்மாகிட்ட சொல்லல. உங்கள ரொம்பப் பெருசா நெனச்சிக்கினு இருக்குது.”

வண்டி வந்தது. அவள் போய்விட்டாள். பெட்டியும் அதே வண்டியில்தான் வந்திருந்தது.

குருவிப் படத்தைப் பட்டணத்து இங்கிலீஷ் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. வியாபாரிகள் ஸ்டூடியோவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெயிலைப் பற்றியும் திரையின் வேகத்தைப் பற்றியும் விளக்கினேன். ஒரு நாள் அந்த அம்மாளும் வந்து பார்த்தாள். “நான் அடிச்ச அடியில பறந்தது” என்று சந்தோஷப்பட்டாள். நான் படம் கழுவும் மருந்தைக் கரைப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

உண்மையைச் சொல்ல எனக்குப் பத்து மாதம் ஆனது. அடுத்த கார்த்திகையில் மகள் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். புதுப் பிளேட்டுகளோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான்கு படம் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லாக நின்றாள். “மூச்சு விடும்மா, ஒண்ணும் ஆகாது” என்று சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் படங்களைக் கொண்டுபோய்த் தாயின் கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்குது. ஆனா அன்னிக்கு இருந்த மூஞ்சி இல்ல. எளைச்சிட்டா” என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். ஒரு பிளேட்டு இருந்ததையும், அதைக் குருவிகளுக்கு வைத்துக்கொண்டதையும், உன் பெண் அசையவே இல்லை என்பதையும் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த படங்களைக் கீழே வைத்தாள். உள்ளே மகள் படுத்திருந்த பக்கம் திரும்பினாள்.

“மாப்ள எதிர்லயே அவள அறஞ்சேனே அன்னிக்கு” என்றாள். “ஒரு வார்த்த பேசாம வாங்கிக்கினா.”

அன்று ஸ்டூடியோவிலிருந்து திரும்பிப் போய் அவள் மகளை அறைந்தது எனக்கு அதுவரை தெரியாது. ரயிலடியில் அந்தப் பெண் சொல்லவில்லை. நான் வாசலிலேயே நின்றேன். “நீங்க போங்கய்யா” என்றாள் அந்த அம்மாள், கோபமில்லாமல். போனேன்.

மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. இருவரும் நலமாகக் கோலாருக்குத் திரும்பினார்கள். அந்த வாய்க்காலுக்கு நான் பிறகு போகவில்லை. இரண்டு குளிர்காலம் ஆற்று மணலில் தனியாகக் குருவிகளைத் துரத்திப் பார்த்தேன். உருப்படியாக ஒன்றும் விழவில்லை.

அவர்கள் திரும்பிப் போய்ப் பல மாதம் கழித்துக் கடைத்தெருவில் அந்த அம்மாளைப் பார்த்தேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவளை அதுவரை ‘நீ’ என்றே கூப்பிட்டு வந்திருக்கிறேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. “எப்படிம்மா இருக்கீங்க?” என்று கேட்டேன். வேறு யாரையோ கேட்கிறேன் என்று நினைத்து அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. “இருக்கேன்யா” என்று சொல்லிவிட்டு, கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு நடந்தாள்.

அவளும் மகளோடு இருக்கக் கோலாருக்கே போய்விட்டாள் என்று அடுத்த வருஷம் தோல் ஷாப்புக்காரர் ஒருவர் சொன்னார். எந்தத் தெரு, சுரங்கக் குடியிருப்பில் எந்த லைன் என்று அவருக்குத் தெரியவில்லை.