'சீரியஸ்' என்று சொல்லாத மகேஸ்வரி மிஸ்ஸி

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தோட்டத்து மருந்தகத்துக்கான மருந்துப் பெட்டிகளோடு பதுளை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. மகேஸ்வரி மிஸ்ஸியின் மகள் செல்வி. "மாமா, உக்கார இடம் இருக்கா?" என்று கேட்டாள். பெட்டியின் மேலேயே உட்கார்ந்தேன். "அம்மா காலையில அஞ்சரைக்கு இறந்துட்டாங்க மாமா. தூக்கத்துலதான்." அழுதாள், ஆனால் சொல்ல வந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். நமுனுகுல பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயும்விட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

மிஸ்ஸியை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நமுனுகுல மலையடியில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் மருத்துவிச்சியாக, எங்கள் பேச்சில் 'மிஸ்ஸி'யாக, இருந்தவர். அதே தோட்டத்தின் ஐந்தாம் நம்பர் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பிறந்து, படித்து, வெள்ளைச் சீருடையில் அதே லயத்துக்குத் திரும்பி வந்தவர். நான் அதே மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். ஒரே கூரையின் கீழ் அவ்வளவு காலம் வேலை செய்தோம். பாதிக் காலம் சண்டை பிடித்தோம். அவர் கையில் பிறந்த பிள்ளைகளைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் அவருடைய வாக்கைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

நம் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்துபோனால், கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளைக்கு அதை அப்படியே சொல்லமாட்டோம். "அம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், ஒடனே பொறப்பட்டு வா" என்போம். தனியாக பஸ்ஸில் வருகிறவன் வழியில் உடைந்து போய்விடக்கூடாது என்ற இரக்கம்தான். இந்த வேலையில் நான் கெட்டிக்காரன். டிஸ்பென்சர் சொன்னால் நம்புவான் என்று போனை என் கையில் திணிப்பார்கள். சாவுப் பறைச் சத்தம் போனில் கேட்காமலிருக்க ஜன்னலைச் சாத்திவிட்டு 'சீரியஸ்' சொல்லியிருக்கிறேன். எத்தனையோ பேரை இறந்த பிறகும் அரை நாள் உயிரோடு வைத்திருந்திருக்கிறேன். எந்த டொக்டராலும் முடியாத காரியம் அது.

மிஸ்ஸி அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டார். அவரிடம் போனைக் கொடுத்தால் முதலில், "பக்கத்துல யாரு இருக்கா? அவங்ககிட்ட குடு" என்பார். அந்த ஆளிடம் உள்ளதைச் சொல்வார். பிறகு பிள்ளையிடம், "வீட்டுக்கு வா சாமி, தனியா வராத. வந்ததும் பேசிக்கலாம்" என்பார். அவ்வளவுதான்.

எனக்கு இது சிரிப்பாக இருந்தது. "இதுக்கும் பொய்க்கும் என்னா மிஸ்ஸி வித்தியாசம்? நீங்களும் மறைக்கிறீங்க, நானும் மறைக்கிறேன்" என்று ஒரு நாள் வம்புக்கு இழுத்தேன்.

"நான் சொல்லாம விட்டா, தனக்கு இன்னும் ஒண்ணும் தெரியலைங்கிறதாவது அவனுக்குத் தெரியும். நீங்க பொய்யச் சொன்னா, தெரிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு ஏமாந்து நிப்பான் ஐயா" என்றார்.

"பெரிய நீதவான்" என்று சொல்லிவிட்டு இருமல் மருந்தை ஊற்றப் போய்விட்டேன்.

அவர் தவறே செய்யாதவர் என்று எழுதினால் அவருக்கே பிடிக்காது. ஒரு முறை கொழும்பிலிருந்து வந்த ஒருவன், தகப்பனின் காரியமெல்லாம் முடிந்த பிறகு மருந்தகத்து வாசலில் வந்து நின்றான். "பஸ்ஸுல ஏழு மணித்தியாலம் பாட்டு கேட்டுக்கிட்டு வந்தேன் மிஸ்ஸி. கூட வந்தவனுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. எங்கப்பா செத்துக் கெடக்கையில நான் பாட்டு கேட்டிருக்கேன்" என்றான். மிஸ்ஸி சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "தப்பு என்னோடதுதான் தம்பி" என்றார். அதற்குப் பிறகு அவர் போனில் பேசும் விதம் மாறியது. "என்கிட்ட ஒரு செய்தி இருக்கு. இப்பக் கேட்டா இப்பச் சொல்றேன், வந்து கேட்டா வந்து சொல்றேன். ஒன் இஷ்டம்" என்பார். தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட்டார். பெரும்பாலானவர்கள் அப்போதே கேட்டார்கள். அவரும் சொன்னார்.

வாயைத் திறக்கக்கூடாத இடத்தில் அவர் திறந்ததும் இல்லை. மனைவி என்ன மாத்திரை குடிக்கிறாள் என்று ஒரு கணவன் வந்து சத்தம் போட்டான். "எனக்குத் தெரியும். ஆனா சொல்ல வேண்டியது நானில்ல, அவதான். போயி அவகிட்டயே மரியாதையா கேளுங்க" என்றார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பேசாமல் போயிருப்பான். அதைக்கூடச் சொல்லமாட்டார்.

இனி நான் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய கதை. எங்கள் தோட்டத்தின் மேல் டிவிஷனில் முத்தையா என்று ஒருவர், தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியே முதுகு வளைந்தவர். தொண்டையில் புற்றுநோய் வந்து, பேச்சு நின்று இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவருக்கு ஒரே மகள், ஜெயந்தி. குவைத்தில் வீட்டு வேலை. சாகும் முன் அவளைப் பார்க்க வேண்டும் என்று கையால் காட்டிக்கொண்டே இருந்தார். நான்தான் அவளுக்குப் போன் போட்டேன். "அப்பாவுக்கு சீரியஸ் புள்ள, ஒடனே வா" என்றேன். இந்த முறை அது முழு உண்மை.

அந்தப் பக்கம் ஓலம்தான் கேட்டது. "எனக்குத் தெரியும், அப்பா போயிட்டாரு. காரியத்த முடிச்சிருங்க ஐயா. இந்த வீட்டுல ஒரு தடவதான் லீவு தருவாங்க. மொகம் பாக்கவே முடியாதுன்னா நான் திதிக்கே வாறேன்" என்றாள்.

"ஐயோ, உயிரோட இருக்காரு புள்ள, சத்தியமா!" என்றேன்.

"எங்கம்மா செத்தப்பவும் நீங்கதானே சீரியஸ்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

ஆமாம், நான்தான் சொன்னேன். அவள் அப்போது கொழும்பில் இருந்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டுச் சொன்னேன். தகப்பனிடம் போனைக் கொடுக்கலாமென்றால் அவருக்குப் பேச்சில்லை. முகத்தைக் காட்டலாமென்றால் அவள் கையில் இருந்தது கேமரா இல்லாத சின்னப் போன். உயிரோடிருக்கும் மனிதனை உயிரோடிருக்கிறார் என்று நம்பவைக்க என்னிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லை.

பக்கத்தில் நின்ற மிஸ்ஸி என் கையிலிருந்து போனை வாங்கினார். "ஜெயந்தி, மகேஸ்வரி பேசுறேன். அப்பா இருக்காரு. நேத்துப் பின்னேரம் போயிப் பாத்தேன். ரெண்டு கரண்டி கஞ்சி குடிச்சாரு. ஆனா ரொம்ப நாளு இல்ல புள்ள. வாறதுன்னா இப்பவே வா."

"நீங்க சொன்னா சரி மிஸ்ஸி" என்றாள். அடுத்ததாக அவள் கேட்டது எனக்கும் கேட்டது. "நான் வாற வரைக்கும் இருப்பாரா?"

'இருப்பாரு' என்று சொல்லுங்கள் என நான் இரண்டு கையாலும் சாடை காட்டினேன். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் அவள் அன்றைக்கே கிளம்பிவிடுவாள். சொல்லாவிட்டால் யோசிப்பாள், யோசித்தால் நின்றாலும் நின்றுவிடுவாள். மிஸ்ஸி என்னைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது எனக்குத் தெரியாது புள்ள" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் வெளியே போய்விட்டேன். ஆனால் ஜெயந்தி ஐந்தாம் நாள் வந்து இறங்கினாள். தகப்பன் இருந்தார். பதினொரு நாள் அவள் கையால் கஞ்சி குடித்துவிட்டுத்தான் போனார். ஐந்தாம் நம்பர் லயத்துப் பெண் ஒருத்தியின் வெறும் வாய்ச்சொல், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவளைக் கொண்டுவந்து சேர்த்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். அவரோடு வேலை செய்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு, அதை அடக்கிக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

அன்றோடு நானும் அந்தச் சொல்லை விட்டேன். லேசாக இருக்கவில்லை. முதல் சில தடவை உள்ளதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. நான் சொன்னதையே மிஸ்ஸியிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். "பொறுங்க ஐயா, கெட்ட பேரு போக நாளாகும்" என்று மிஸ்ஸி சிரித்தார்.

அவரை அடக்கம் செய்து ஒன்பதாம் நாள், கீழ் டிவிஷனில் ஒருவர் சரிவில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மகன் கொழும்பில். இனிக் கேட்டு உறுதி செய்துகொள்ள மிஸ்ஸி இல்லை. "அப்பா விழுந்துட்டாரு. இடுப்பு எலும்பு ஒடஞ்சிருக்கு. உயிருக்கு ஒண்ணும் இல்ல. அவசரப்படாம நாளைக்கு வா" என்றேன்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவன் இன்னொரு கேள்வி கேட்கவில்லை. "சரிங்க ஐயா, வேல முடிச்சிட்டு நாளைக்கு வாறேன்" என்று போனை வைத்தான். என்னை நம்பிவிட்டான். மகேஸ்வரி மிஸ்ஸி எனக்கு விட்டுப்போனது அதுதான்.