ரப்பர் மரத்துப் பல்சக்கரம்

எங்கள் ரப்பர் தோட்டத்து லோரி டிரைவருக்கு முன்பல் இரண்டு கிடையாது. சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வார். சிரிக்காத நேரமும் கிடையாது. ஜப்பான்காரன் காலம் அது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான், அதற்கும் உப்பு கிடைக்காது. அந்தக் கதையை எடுத்தால் பேச்சு வளரும். லோரிக்கும் சாமான் கிடைக்கவில்லை. கியர்ப் பெட்டியில் ஒரு சக்கரம் பல் உடைந்துவிட்டது. அவரோ ரப்பர் மரத்துண்டு ஒன்றைச் செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, மரத்துலயா சக்கரம் செய்யிறீங்க?"

"ரப்பர் மரம்லா தங்கச்சி. அதுவே பால் வடியும். எண்ணெய் ஊத்த வேணாம்."

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது என் வீட்டுக்காரரையும் எழுதிக்கொண்டார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். டிரைவரின் லோரியில்தான் ஆட்களை ஏற்றுவார்கள் என்றார்கள். நான் அவரிடம் ஓடினேன்.

"அண்ணே, உங்க லோரி ஓடுமா?"

"ஓடும். எம்புட்டுத் தூரம்னு மட்டும் கேக்காத."

காலையில் ஆட்களை ஏற்றிப் போன லோரி சுங்கைப் பட்டாணி டவுனுக்குப் போய்ச் சேரவில்லை, பாதி வழியில் நின்றுவிட்டது. சாயங்காலம் எல்லோரையும் காவலோடு நடத்தியே திருப்பிக் கூட்டிவந்தார்கள். வீட்டுக்காரர் என் கையால் கிழங்கு வாங்கிச் சாப்பிட்டார். அந்த மரத்துண்டுக் கதையைச் சொன்னேன். புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

மறுநாள் வேறு லோரி வந்தது. வீட்டுக்காரரோடு டிரைவரையும் சேர்த்து ஏற்றினார்கள். அவர் என்னைப் பார்த்து வாயைப் பொத்தாமல் சிரித்தார். இரண்டு பேரும் திரும்பவில்லை.

மரச் சக்கரம்தான் போட்டாரா, எனக்குத் தெரியாது. இன்றும் சாலையில் எந்த லோரியாவது நின்றுபோனால், யாராவது நடந்து வருகிறார்களா என்று பார்க்கிறேன்.