செங்கோடன் நடைப்பயிற்சிக்குப் போய் வந்த வரலாறு

உடுமலைப்பேட்டைக்குப் போகும் வழியில் எங்கள் ஊரை ஒட்டி ஒரு பழைய ரயில் மேடு இருக்கிறது. மீட்டர்கேஜ் காலத்துத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனவர்கள் மேட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அதை எடுத்துப்போக வழியில்லை போலிருக்கிறது. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், ஒரு பக்கம் தென்னந்தோப்பும் மறுபக்கம் மக்காச்சோளக் காடுமாக, கயிறு பிடித்து இழுத்த மாதிரி அது போகும். மனிதன் நடப்பதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. அதில் நடக்கவே முடியாது என்பதைக் கண்டுபிடித்தவர் செங்கோடன்.

செங்கோடனுக்குக் கொஞ்சம் தென்னையும் நிறையச் சர்க்கரையும் உண்டு. போன தை மாதம் டாக்டர் அவர் பாதத்தில் ஊசியால் குத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று செங்கோடன் பெருமையாகச் சொன்னார். டாக்டர் அந்த வீரத்தைப் பாராட்டவில்லை. காலில் உணர்ச்சி போய்விட்டது, தினமும் நடந்து சர்க்கரையைக் குறைக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்றார். அன்று செங்கோடன் சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் மெத்தென்ற செருப்பை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் நடந்து போகிறார் என்றால் அவருக்கு வண்டி கிடைக்கவில்லை என்று பொருள். வண்டியில் வருகிறவர் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நடப்பவர் ஏற வேண்டும். இதற்குச் சட்டம் எதுவும் இல்லை, அதனால்தான் எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள். மேட்டில் குறுக்குவழியாகப் போகிற பால்காரர் நிறுத்தினார். உரக்கடைக்காரர் நிறுத்தினார். செங்கோடன் ஒவ்வொருவரிடமும் நிலைமையை விளக்கினார். பொறுமையாகக் கேட்டு, டாக்டர் சொன்னது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, ஏறச் சொன்னார்கள்.

தங்கை மகன் சுரேந்தர் ஒரு படி மேலே போய் யோசனையே சொன்னான். "இந்தப் புழுதீல எதுக்குங்க மாமா நடக்கறீங்க? பழைய ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோயி உட்டர்றனுங்க. அங்க பிளாட்பாரம் சும்மாதான் கெடக்குது. நல்லா நடங்க."

ஒரே ஒரு தடவை செங்கோடன் மறுத்துப் பார்த்தார். அன்று சாயங்காலமே சுரேந்தரும் அவன் மனைவி கீதாவும் ஆப்பிள், சாத்துக்குடியோடு வாசலில் வந்து நின்றார்கள். கீதாவுக்குக் கண் கலங்கியிருந்தது.

"நாங்க என்னுங்க தப்புப் பண்ணிப்போட்டோம்? எங்க வண்டீல ஏற மாட்டேன்னுட்டீங்களாமா?"

செங்கோடனின் மனைவி சுப்பாத்தாள் பதறிப்போய் அடுப்பைப் பற்றவைத்தாள். சமாதானம் காபியில் முடிந்தது. சர்க்கரை போட்ட காபி. அதற்குப் பிறகு அவர் யாரையும் மறுக்கவில்லை. தினமும் நடக்கப் புறப்பட்டார், தினமும் வண்டியில் திரும்பித் தெருமுனையில் இறங்கிக்கொண்டார். இத்தனை தூரம் நடந்தும் மனுஷனுக்கு வேர்க்கவே இல்லை என்று சுப்பாத்தாள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள்தான் ஒருநாள் பார்த்தாள். வலது கால் கட்டைவிரல் வெந்து, தோல் உரிந்து, கறுத்துப்போயிருந்தது. செருப்பின் ஓரமும் உருகியிருந்தது. சுரேந்தரின் மொபெட் சைலன்சரில் கால் எவ்வளவு நேரம் ஒட்டிக் கிடந்ததோ, காலுக்குச் சொந்தக்காரருக்கே தெரியவில்லை.

கோயம்புத்தூரில் விரலை எடுத்தார்கள். நடக்கிறவருக்குச் சூடு எப்படிப் பட்டது என்று டாக்டர் கேட்டபோது செங்கோடன் மின்விசிறியைப் பார்த்தார். பக்கத்தில் சுரேந்தர் சாத்துக்குடி உரித்துக்கொண்டு நின்றான். ஒரு பையனை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயமா அது? புண் ஆறியதும் நடந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அடுத்தது கணுக்காலோடு என்று டாக்டர் முடித்தார்.

புண் ஆறியது. செங்கோடன் மறுபடி மேட்டில் ஏறினார். விரல் இல்லாத கால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஆனாலும் நடந்தார். பின்னால் மொபெட் சத்தம் கேட்டது.

"ஏறுங்க மாமா."

"இல்லீங்க மாப்ள. இன்னைக்கு நா நடந்தே ஆகோணும். காலு போயிருமுங்க."

சுரேந்தர் வற்புறுத்தவில்லை. என்ஜினை அணைத்து இறங்கினான். மாமா நடக்கும்போது மருமகன் உட்கார்ந்து போவதா? வண்டியைத் தள்ளிக்கொண்டே கூட வந்தான். முன்னால் ஒரு புண்ணாக்கு மூட்டை இருந்தது. சட்டை நனைந்தது, மூச்சு வாங்கியது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

செங்கோடன் முன்னால் பார்த்தார். மேடு எங்கேயும் வளையாமல், முடிகிற இடம் தெரியாமல் கிடந்தது. சுரேந்தரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் கொஞ்ச தூரம் தாங்கிப் பார்த்தார்.

"சிரமப்படாதீங்க மாப்ள. ஸ்டார்ட் பண்ணுங்க, போலாம்."

ஏறி உட்கார்ந்து, வலது காலைச் சைலன்சரில் படாமல் அந்தரத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டார். தொடை நடுங்கியது. பழைய ஸ்டேஷன் வரும்வரை அதை இறக்கவில்லை.