வயல் றோட்டு குளக்கட்டில் ஏறிய கதை

போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறப்பதற்கு முந்திய வருடம் நான் வவுனியாவில் வீதி வேலைகள் பார்க்கும் ஒரு கந்தோரில் படம் வரைபவளாக இருந்தேன். கனகராயன்குளத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் எடுத்தவள் நான் ஒருத்திதான். வரைமேசை, நீட்டுக்கோல், கறுப்பு மை, சுரண்டிச் சுரண்டி மெலிந்துபோன தாள் என்று நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் கொழும்பு லொறியில் ஒரு கணினி வந்து இறங்கியது. அதற்குள் வீதி வடிவமைக்கும் மென்பொருளும் இருந்தது.

கூடவே வந்த பொறியியலாளர் எனக்கும் பக்கத்து மேசைத் தோழிக்கும் அதைப் பழக்கிவிட்டுத் திரும்பிப் போனார். தோழியின் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து, குளத்தடியொன்றில் காடு வெட்டி வயல் செய்தவர்கள். வீட்டில் மலையகத் தமிழ், கந்தோரில் எங்கள் தமிழ் என்று வாசற்படியில் செருப்பை மாற்றுவதுபோலப் பேச்சை மாற்றுவாள். அவளுடைய ஊருக்குப் போகும் பாதைதான் நாங்கள் கணினியில் செய்யக் கிடைத்த முதல் வேலை.

அந்தப் பாதை முதலில் வயல்களுக்கு நடுவே வரும். பிறகு குளக்கட்டின் மேல் ஏறி ஊருக்குள் போகும். ஏறுகிற இடம் செங்குத்து, ஒடுக்கம். மாரியில் அந்த இடத்தில் பஸ் சனத்தை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லோரும் குளக்கட்டில் நடக்க வேண்டும். தோழி செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்து வந்து, கந்தோர்க் குழாயில் காலைக் கழுவிவிட்டுத்தான் கதிரையில் உட்காருவாள்.

பாதையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ, அந்த வடிவத்தை மென்பொருளில் ஒரு டெம்ப்ளேட்டாக வரைந்து கொடுக்க வேண்டும். அதைப் பாதை நீளத்துக்கும் இழுத்துக்கொண்டு போவது கணினியின் வேலை. நாங்கள் இரண்டு டெம்ப்ளேட் செய்தோம். வயலுக்குச் செய்தது அகலமானது. இரண்டு பக்கமும் சரிவும், சரிவின் அடியில் தண்ணீர் ஓடக் கானும் அதில் இருந்தன. குளக்கட்டுக்குச் செய்தது ஒடுங்கியது, கானே இல்லாதது. இரண்டையும் கொடுத்துவிட்டு ஆவலோடு திரையைப் பார்த்தால், வயல் முடிந்த இடத்தில் பாதை சுவர்போல நிமிர்ந்து நின்றது.

"ஐயோ, இதில பஸ் பறந்தெல்லோ ஏறோணும்!" என்றாள் தோழி.

ஒரு வடிவத்திலிருந்து மற்ற வடிவத்துக்குப் படிப்படியாக மாற்றும் கட்டளை ஒன்று இருந்தது. ஒரு வடிவத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மற்றதில் அதே பெயருள்ள புள்ளியைத் தேடி அது கோடு இழுக்கும். ஆங்கிலக் கைநூலைப் புரட்டி அதைத் தேடிப் பிடித்து ஓட்டினோம். வந்தது இன்னும் மோசம். கானின் அடி கட்டின் சரிவில் போய் ஒட்டியது. கானின் வெளிக்கரை எங்கே போவதென்று தெரியாமல் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மறுபக்கம் போனது. சிக்குப்பட்ட நூற்பந்துபோல இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் நின்றது.

எனக்குக் கோபம். அவளுக்குச் சிரிப்பு.

"நீர் அந்த இடத்தைப் பாத்தனீரோ?" என்று கேட்டாள்.

"அளவைப் படத்தில பாத்தனான்."

"படத்தில இல்லை. நேரில. வாரும், போய்ப் பாத்திட்டு வருவம்."

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு சைக்கிளில் வெளிக்கிட்டோம். சோதனைச் சாவடியில் என் கூடையில் இருந்த படச்சுருளை ஒரு சிப்பாய் விரித்துப் பார்த்தான். வீதிப் படத்தோடு அந்தக் காலத்தில் பிடிபட்டால் என்னென்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். கந்தோர் அடையாள அட்டையை நீட்டினேன். தோழி சிங்களத்தில் ஏதோ விளக்கினாள். அவன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஏதோ கேட்டான். அவள் சிரித்துக்கொண்டு பதில் சொன்னாள். சுருளைத் தந்து போகச் சொல்லிவிட்டான்.

"என்ன கேட்டவன்?"

"இந்த றோட்டு எப்ப முடியுமெண்டு. கொம்பியூட்டருக்குத்தான் தெரியுமெண்டன்."

குளக்கட்டடியில் சைக்கிள்களைச் சாத்திவிட்டுப் பழைய கானின் வழியே நடந்தோம். ஆரம்பத்தில் கான் என் முழங்கால் ஆழம் இருந்தது. கட்டை நெருங்க நெருங்கக் கணுக்காலளவுக்குக் குறைந்தது. தண்ணீர் ஒரு சின்ன வாய்க்காலில் பிரிந்து வயலுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு புல்லில் ஒரு மெல்லிய பள்ளம். அதற்கும் பிறகு ஒன்றுமில்லை. கட்டின் சரிவு தொடங்கியது.

"கான் எங்க முடியுது?" என்று கேட்டேன். தாளில் அந்த இடத்துக்கு ஒரு கோடு போட வேண்டும் என்பதுதான் என் கவலை.

அவள் குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தாள். "முடியேல்லையே. மெலிஞ்சு மெலிஞ்சு போகுது, அவ்வளவுதான்."

அந்தச் சொல் என் காதில் விழுந்ததும் எங்கள் பிழை பிடிபட்டுவிட்டது. கட்டில் கான் இல்லை என்றுதானே நாங்கள் டெம்ப்ளேட்டிலிருந்து அதை எடுத்துவிட்டோம்? கட்டிலும் கான் இருக்கட்டும். ஆனால் அகலமும் பூச்சியம், ஆழமும் பூச்சியம்!

நான் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. "அப்ப ரெண்டு டெம்ப்ளேட்டிலயும் புள்ளியள் சரியா வரும்! ஒவ்வொண்டுக்கும் ஒரு சோடி இருக்கும்!" என்று கத்தினாள். குளத்தில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன. அவளுடைய வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். ரொட்டியும் சம்பலும் தந்தார்கள். நான் ருசி பார்த்தேனா என்றே ஞாபகமில்லை. சாப்பிட்ட கை காயும்வரை இரண்டு பேரும் நிலத்தில் ஈர்க்குக் குச்சியால் படம் கீறிக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை கந்தோர் திறக்கும்போதே வாசலில் நின்றோம். கட்டின் டெம்ப்ளேட்டைத் திறந்து, சரிவின் அடியில் கானின் புள்ளிகள் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்து வைத்தோம். வயல் டெம்ப்ளேட்டில் இருந்த பெயர்களையே அவற்றுக்கும் கொடுத்தோம். மாறுவதற்குப் போதிய நீளம் விட்டோம். கட்டளையைக் கொடுத்துவிட்டு அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கணினி மெதுவாக ஒவ்வொரு கோடாகப் போட்டது. பாதை ஒடுங்கியது. சரிவு கொஞ்சங் கொஞ்சமாக நிமிர்ந்தது. கான் மெலிந்து மெலிந்து இல்லாமலே போனது. ஒரு கோடுகூட மற்றதை வெட்டவில்லை.

இரண்டு பேரும் போட்ட கூச்சலில் கந்தோருக்குப் பொறுப்பான சேர் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடி வந்தார். கூச்சல் கேட்டால் எல்லோரும் வேறெதையோ நினைக்கும் காலம் அது.

"என்ன பிள்ளையள், என்ன நடந்தது?"

"சேர், ஏறிட்டுது!"

"என்ன ஏறிட்டுது?"

"றோட்டு, சேர்! கட்டில ஏறிட்டுது!"

அவர் கோப்பையை வைத்துவிட்டுத் திரைக்குக் கிட்ட வந்தார். "கான்தண்ணி எங்க போகுது?" என்று கேட்டார். பிரிகிற வாய்க்காலைக் காட்டினோம். "அப்பிடியெண்டால் சரி. அளவுகளை எடுங்கோ, அங்க முளை அடிச்சு வேலையைத் தொடங்குவம்" என்றார். அவர் போன பிறகும் எங்களுக்கு வேலை ஓடவில்லை. அந்தப் படத்தை முன்னாலும் பின்னாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாரி தொடங்குமுன் கிரவல் கொட்டி, றோலர் ஓட்டி வேலையை முடித்தார்கள். மழை வந்தபின் ஒருநாள் இருவரும் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். நல்ல சனம். எங்களுக்கு முன்னால் ஒரு அம்மா மரக்கறிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, மகளின் கலியாணப் பேச்சைப் பக்கத்துப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வயல் முடியும் இடம் வந்தது. நான் முன்சீற்றுக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். தோழி மூச்சை அடக்கினாள். பஸ் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. யன்னலுக்கு வெளியே குளம் விரிந்து கிடந்தது. அந்த அம்மாவின் கதை ஒரு சொல்லும் தடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிசரென்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, கட்டில ஏறிட்டம்" என்றேன்.

அவர் திரும்பி யன்னலால் பார்த்தார். "ஏறிட்டோமா? எப்ப ஏறுனோம்?"

நாங்கள் இரண்டு பேரும் ஆளையாள் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கொண்டக்டர் கிட்ட வந்து, "இறங்கப் போறியளோ?" என்று கேட்டார். "ஓம், ஓம்" என்று இறங்கிவிட்டோம். ஊருக்கு இன்னும் தூரம் இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. பாதை மாறுகிற இடத்தை இன்னொரு தரம் நடந்து பார்க்கத் திரும்பிப் போனோம்.