ரெஜ்ஜுக்கு ஊற்றிய பீர்

டெஸ்மண்ட் ரஷ்வொர்த்தின் கராஜில் கார் நின்று யாரும் பார்த்ததில்லை. கீத்லி ஊர் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தெருமுனை பப்பை இழுத்து மூடி அடுக்குமாடி வீடுகளாக்கியபோது, அதன் கவுன்ட்டரில் பீர் இறைக்க இருந்த கைப்பம்பைக் கழற்றிக்கொண்டு வந்து கராஜ் மேஜையின் விளிம்பில் பூட்டினார். மேஜைக்கு அடியில் எவர்சில்வர் பீப்பாய். அதற்குள் அவரே காய்ச்சிய பீர். வியாழக்கிழமை மத்தியானமானால் ரெஜ்ஜும் லென்னும் வந்துவிடுவார்கள். ரெஜ் கம்பளி மில்லில் இருந்தவர், லென் தபால்காரர். மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பையன்கள்.

கடையில் தகர டப்பாவில் விற்பதெல்லாம் செத்த பீர் என்பார் டெஸ்மண்ட். அவருடைய பீர் பீப்பாய்க்குள் போன பிறகும் ஈஸ்ட் அடங்காமல் உயிரோடு இருக்கும். கொஞ்சம் சர்க்கரையைக் கரைத்து ஊற்றி, தெளிவதற்கு மீன்பசை சேர்த்து, அடைப்பானைச் சுத்தியால் தட்டி இறுக்கி, குளிர்ந்த மூலையில் படுக்க வைப்பார். பக்குவம் வந்ததும் மேல் துளையில் ஒரு மரமுளையைச் செருகி மூச்சு விட வைப்பார். அதன்பின் யாரும் அதைத் தொடக்கூடாது. பம்பின் நீண்ட கைப்பிடியை நிதானமாக இழுத்தால், குழாய் முனையில் இருக்கும் பூவாளி மூடி வழியாக பீர் நுரைத்து இறங்கும். ஒருதரம் திறந்துவிட்டால் பீப்பாய்க்குள் காற்று ஏறிவிடும், சில நாளில் புளித்துவிடும். ஒண்டி ஆளாகக் குடித்துத் தீர்க்கிற சரக்கல்ல அது. கூட்டாளிகள் வேண்டும்.

பீப்பாய் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் கருவி எதுவும் கிடையாது. அதன் வாயில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு, அவ்வளவுதான். பம்பையும் அப்படித்தான் பார்ப்பார்.

ஒரு குளிர்காலத்தில் கடுமையான ஜுரம் வந்து படுத்தார். ஜுரம் போனபோது மோப்பத்தையும், நாக்கில் பாதி ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டர் மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "வந்தா வரலாம். இந்த வயசுல வராமலும் போகலாம்" என்றார். டெஸ்மண்ட் வீட்டில் இதைச் சொல்லவில்லை. மனைவி தெல்மாவுக்கு அதுவாகவே தெரிந்தது. அவர் திரிந்த பாலை ஊற்றி டீ போட்டு, பேப்பர் படித்தபடியே குடித்து முடித்ததைப் பார்த்தாள். கேட்க வாயெடுத்தாள். பிறகு கராஜை நினைத்துக்கொண்டு, மிச்சப் பாலைச் சத்தமில்லாமல் கொட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனாள்.

அவர் காய்ச்சுவதை நிறுத்தவில்லை. அளவெல்லாம் கைக்குப் பழக்கம். மூக்கு இல்லாததற்கு ஈடாக முன்னைவிட அதிகமாகத் தேய்த்தார், கொதிநீர் ஊற்றினார். வாயில் விட்டுப் பார்த்தால் குளிர்ச்சியும் ஒரு கசப்பும் மட்டும் தட்டுப்படும், புளிப்புகூட நாக்குக்கு எட்டாது. பீர் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

லென் இப்போதெல்லாம் ஒரு கிளாஸோடு எழுந்துவிடுவார்.

"என்னடா, அதுக்குள்ள கிளம்பிட்டே?"

"வயித்துக்கு மாத்திரை குடுத்திருக்காங்கப்பா. குடிச்சா திட்டுறாங்க."

"ரெஜ், உனக்கு?"

"ஊத்து ஊத்து. நல்லாத்தான்டா இருக்கு" என்பார் ரெஜ். லென் சுவரைப் பார்ப்பார்.

அந்த வருஷம் இலையுதிர்காலத்தில் ரெஜ்ஜின் நுரையீரலில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் லிண்ட்ஸி முன்னறையில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டுக் கொடுத்தாள். பார்க்கப்போன டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உனக்கு ஒரு பீப்பாய் கொண்டாரேன்டா" என்றார்.

"எதுக்குடா வீண் சிரமம்? ஒரு டீ போதும் எனக்கு."

"சிரமமாவது ஒண்ணாவது. ஜாடில மொண்டு கொண்டாந்தா அது பீரே இல்ல. பம்பையே பூட்டிடறேன்."

ரெஜ் மகளைப் பார்த்தார். "சரி, இவன் விடமாட்டான்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

டெஸ்மண்ட் பம்பைக் கழற்றினார். ரெஜ்ஜின் மருமகனுடைய வேனில் பீப்பாயை ஏற்றி, கட்டிலுக்கு எதிரே மேஜை போட்டு, அடியில் மரக்கட்டைகளை அடுக்கிப் பீப்பாயைச் சாய்த்து வைத்தார். ஈரத்துணி போர்த்தினார். கசடு அடங்கட்டும் என்று விட்டுவிட்டு, தினமும் வந்து துணியை நனைத்துவிட்டுப் போனார். லிண்ட்ஸியின் குழந்தைகளிடம், "ஆட்டிடாதீங்க கண்ணுங்களா" என்று கெஞ்சினார்.

வியாழக்கிழமை வந்தது. லென்னும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். குழாயில் தேங்கியிருந்த முதல் இழுப்பைப் பக்கெட்டில் விட்டுவிட்டு, கிளாஸைச் சாய்த்துப் பிடித்து டெஸ்மண்ட் மெதுவாக இழுத்தார். செம்பு நிறத்தில் பளிச்சென்று தெளிந்திருந்தது. மேலே கெட்டியான நுரை. அவருக்கே பெருமையாக இருந்தது.

ரெஜ் இரண்டு கையாலும் கிளாஸை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். மறுபடி குடித்தார். அவசரமே படாமல், மூச்சு வாங்கி வாங்கி, கிளாஸ் காலியாகும்வரை குடித்தார்.

"இதான்டா பீரு" என்றார்.

டெஸ்மண்ட் வீட்டுக்குப் போய்த் தெல்மாவிடம் சொல்லும்போது அழுதுவிட்டார். தெல்மா அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் ரெஜ் போய்விட்டார். அடக்கம் முடிந்து கிளப்பில் சான்ட்விச்சும் டீயும் வைத்திருந்தார்கள். லிண்ட்ஸி அழுது அழுது முகம் வீங்கிப் போயிருந்தாள். டெஸ்மண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடியே சிரித்தாள்.

"அப்பாவுக்கு உங்க மேல எவ்வளவு பிரியம் அங்கிள்! அந்த பீரை ஒரு சொட்டு விடாமக் குடிச்சாரே. நான் பக்கெட்டைக் கொட்டப்போயி ஒரு வாய் வெச்சுப் பார்த்தேன். வினிகர்! அசல் வினிகர்! ராத்திரி பூரா குமட்டுச்சு அவருக்கு. 'டெஸ் கிட்ட மூச்சு விடாதே'ன்னு..."

அங்கே அவள் நிறுத்தினாள். இவருக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் அவள் சொன்னாள். தெரியாது என்பது அவர் முகத்தில் இருந்தது. லென் தட்டைக் கீழே வைத்தார்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டார் டெஸ்மண்ட்.

"விடுடா, இன்னிக்குப் போயி..."

"எப்பலேர்ந்துடா?"

"ஈஸ்டர்லேர்ந்து" என்றார் லென். "ரெஜ்தான் வாய் திறக்கக்கூடாதுன்னுட்டான். அது ஒண்ணுதானே உனக்கு இருக்குன்னு."

டெஸ்மண்ட் திரும்பித் தெல்மாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்தாள்.

மறுநாள் பம்பை அக்கக்காகப் பிரித்தார். உருளைக்குள் ரப்பர் வளையத்துக்குப் பின்னால், விரல் நுழையாத இடுக்கில், வழுவழுவென்று ஒரு பாசி படிந்திருந்தது. எத்தனை தேய்த்தும் கொதிநீர் எட்டாத இடம். அதை விரலில் வழித்து முகர்ந்தார். ஒன்றுமில்லை. மூக்கின் மேலேயே தடவிக்கொண்டு இழுத்தார். ஒன்றுமே இல்லை. சாகப்போகிறவனுக்கு ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தது இதைத்தான். பம்பைப் பிரித்தது பிரித்தபடி போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

லென் விடவில்லை. வசந்தத்தில் வந்து, "என் மூக்கு சும்மாதானே கிடக்கு, அதை வெச்சுக்கடா" என்றார். புது வளையம், புதுக் குழாய் எல்லாம் அவரே வாங்கி வந்தார். பீப்பாயை அவரே முகர்ந்து தலையாட்டினார். தெல்மாவும் கூட நின்றாள். பழைய கணக்குப்படி காய்ச்சி, அடைத்து, படுக்கவைத்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் டெஸ்மண்ட் பம்பை இழுத்தார்.

லென் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"டேய், சத்தியமாச் சொல்றேன், பிரமாதம்! பழைய மாதிரியே இருக்கு."

டெஸ்மண்ட் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கும்போது ஏதாவது தயங்குகிறதா, கண் சுருங்குகிறதா என்று பார்த்தார்.

"இன்னொண்ணு ஊத்துடா."

ஊற்றினார். லென் அதையும் குடித்தார். பீரே பிடிக்காத தெல்மாவும் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு டெஸ்மண்ட்" என்றாள்.

"ரெஜ்ஜும் அதைத்தானே சொன்னான்" என்றார் டெஸ்மண்ட்.

லென்னுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னை என்ன பண்ணச் சொல்றே? நல்லாருக்கறதை நல்லாருக்குன்னு வேற எப்படிடா சொல்றது?"

டெஸ்மண்ட் இன்னொரு கிளாஸை எடுத்தார். தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். குளிர்ச்சி, கசப்பு. பொய்யா நிஜமா என்று அவருக்குச் சொல்ல இனி இந்த ஊரில் ஒருத்தருமில்லை.

அடுத்த வியாழன் லென் வந்தபோது கராஜ் பூட்டியிருந்தது. தெல்மா வாசலுக்கு வந்து, "தூங்குறாரு லென்" என்றாள். டெஸ்மண்ட் சமையலறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். லென் கேட்டைச் சாத்திக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.