அண்ணாச்சி வேட்டியில் கிடைத்த நிறம்

போன வாரம் சென்னையில் தங்கை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கண்ணாடி மேசை நடுவில் ஒரு கிண்ணம் நிறைய தாமரைக் காய்கள். "ஹாலந்து சரக்கு மாமா, ஆன்லைன்ல வாங்கினேன், மோந்து பாருங்க" என்றாள். மோந்தேன், மூக்கு கூசியது. நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக். அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நிறம்: பேர்ல் கிரே. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அந்தப் பெயரை வைத்தவனே நான்தான் என்று சொன்னால் அவள் நம்புவாளா? நீங்களாவது நம்புங்கள்.

அப்போது நான் தூத்துக்குடியில் ஒரு காய்ந்த பூ ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஆதிச்சநல்லூர்ப் பக்கத்துக் குளத்துத் தாமரைக் காய், வாகை நெற்று, தென்னம்பாளை என்று நம்மவர்கள் காலால் தள்ளிவிட்டுப் போகிற எதையும் வெளுத்து, சாயமேற்றி, கண்டெய்னரில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். அங்கே அதற்கு வாசனை போட்டு வரவேற்பறையில் வைப்பார்கள். நம் ஊரில் பெருக்கித் தள்ளுவதை அந்த ஊரில் துடைத்து வைக்கிறார்கள். இதைத்தான் உலகமயமாக்கல் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள் என நானாகவே முடிவு செய்துகொண்டேன். என் வேலை வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுதுவது. அந்த இங்கிலீஷைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

அது மின்வெட்டுக் காலம். இந்தோனேசியாவில் வெட்டிய நிலக்கரி கப்பலேறி எங்கள் துறைமுகத்துக்கு வரும், எங்கள் ஊரிலேயே எரியும், மின்சாரம் கம்பி வழியாக எங்கெங்கோ போகும். எங்களுக்கும் வரும், ஃபேன் சுற்றுகிறதே என்று நாம் சட்டைப் பொத்தானைக் கழற்றி முடிக்கிற வரைக்கும். முதலாளி அண்ணாச்சி ஆசை ஆசையாய் வாங்கிப்போட்ட மின்சார உலர்த்தி அறையில் பூனை குட்டி போட்டிருந்தது. "சூரியன் என்ன பில்லா அனுப்புது? எல்லாத்தையும் வெளிய போடுங்கம்மா" என்றுவிட்டார். வெளுத்த காய்களை ஈரத்தோடு களத்தில் பரப்பினார்கள்.

களத்துக்குச் செல்வமேரி அக்காதான் தலைவி. உப்பளத்தில் வேலை பார்த்துப் பார்த்துக் கால் இரண்டும் வெடித்துப்போய், இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று இங்கே வந்தவர். வாய் மட்டும் வெடிக்கவில்லை, அது நல்ல வழவழப்பாய் ஓடும்.

வெள்ளையாக அனுப்ப வேண்டிய மாதிரிக் காய்கள் ஒருமுறை என்னவோ சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிட்டன. நேரமில்லாமல் அப்படியே அனுப்பினோம். திட்டு வரும் என்று பார்த்தால் ஹாலந்திலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. இதே நிறத்தில் கண்டெய்னர் கண்டெய்னராக வேண்டுமாம். மாதக் கடைசியில் நேரில் பார்க்க ஆள் வருகிறாராம்.

சாய மாஸ்டர் இருக்கிற டப்பாவையெல்லாம் கலக்கிப் பார்த்தார். யானை நிறம் வந்தது, சிமெண்ட் நிறம் வந்தது, கேட்ட நிறம் வரவில்லை. அண்ணாச்சி எல்லோரையும் கூப்பிட்டார். "வேற ஆர்டரே கையில இல்ல. இதுவும் போச்சுன்னா களத்த மூடிருவேன். பொறவு அவங்கவங்க பழைய பொழப்பப் பாத்துக்கிடுங்க." செல்வமேரி அக்கா குனிந்து தன் பாதத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

பேசி முடித்த அண்ணாச்சி துறைமுகச் சாலையைப் பார்த்த மதிற்சுவரில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிறகு எழுந்து திரும்பி நடந்தார். களத்தில் முதலில் ஒரு கிளுக்குச் சத்தம், அப்புறம் ஒரே சிரிப்பு.

"அண்ணாச்சி, அப்பிடியே நில்லுங்க! வெள்ளக்காரன் கேட்ட கலரு ஒங்க பின்னாடில்லா இருக்கு!"

செல்வமேரி அக்காதான். அண்ணாச்சியின் வெள்ளை வேட்டியில், உட்கார்ந்த இடத்தில், அச்சு அசலாக அதே நிறம். சுவரில் படிந்திருந்த நிலக்கரித் தூள்! சாய மாஸ்டர் மாதிரிக் காயை எடுத்து வந்து முதலாளியின் பின்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார். அண்ணாச்சி அசையாமல் நின்றார். வியாபாரம் என்று வந்துவிட்டால் கூச்சப்பட முடியுமா?

அந்த மாதிரிக் காய்கள் காய்ந்தபோது கொண்டல் அடித்தது. கடல் பக்கமிருந்து வருகிற காற்று, துறைமுகத்துக் கரியை ஈரக் காயின்மேல் தூவிவிட்டது. இப்போதோ மேற்கிலிருந்து அடிக்கிற மேல்காற்று. அத்தனை தூளும் கடலைத் தாண்டி இலங்கைப் பக்கம் இலவச ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தது. என்ன செய்வது? நம் ஊரில் நெல்லையும் உளுந்தையும் எங்கே காயப்போடுகிறோம்? ரோட்டில்தானே. பெண்கள் ஈரக் காய்களைக் கூடை கூடையாய்ச் சுமந்து துறைமுகச் சாலை ஓரத்தில், வேகத்தடைக்குப் பக்கத்தில் பரப்பினார்கள். கரி லாரி குலுங்குகிற ஒவ்வொரு தடவையும் ஒரு படலம் இறங்கும். மெதுவாகப் போன டிரைவர்கள் வசவு வாங்கினார்கள். "ஏலே, ஏன் ஊருத? வேகமாப் போ!" உலகத்தில் வேறெந்தச் சாலையிலும் லாரிக்காரன் இப்படித் திட்டு வாங்கியிருக்க மாட்டான்.

ஹாலந்துக்காரர் வந்தார். காயை வெயிலில் பிடித்துப் பார்த்து, என்ன சாயம் என்று கேட்டார். இது முத்து விளைந்த கடற்கரை, இந்த நிறத்துக்குப் பெயர் பேர்ல் கிரே என்று அடித்துவிட்டேன். அவருக்குச் சந்தேகம் தீரவில்லை, பக்கத்தில் நின்ற செல்வமேரி அக்காவிடமும் கேட்கச் சொன்னார்.

"நாங்க ஒண்ணும் போடல. வெயிலும் காத்துந்தான். மிச்சத்த ரோட்டுல போறவன் போடுதான்."

கடைசி வாக்கியத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் மகிழ்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டார்.

சில வருஷம் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் அவரிடமிருந்தே மெயில். ஒவ்வொரு பொருளுக்கும் எவ்வளவு நிலக்கரி, எவ்வளவு எண்ணெய் எரிகிறது என்று அங்கே வாங்குகிறவர்கள் கேட்கிறார்களாம். கணக்குப் பார்த்ததில் எங்கள் சரக்கில் நிலக்கரி அதிகமாம், இனி ஆர்டர் கிடையாதாம். படித்துவிட்டு எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணாச்சியும் சிரித்தார். களத்தைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

இன்று அந்தக் களம் கண்டெய்னர் அடுக்குகிற இடம். நிலக்கரி இப்போது மேலே மூடி போட்ட கன்வேயர் பெல்ட்டில் போகிறது, லாரிகள் தார்ப்பாய் கட்டிக்கொண்டு போகின்றன. நல்லதுதான், மறுக்கவில்லை. தை மாதம் முத்தையாபுரம் பஸ் ஸ்டாப்பில் செல்வமேரி அக்காவைப் பார்த்தேன். குத்தவைத்து உட்கார்ந்து, வெடித்த காலில் பழைய சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"இப்பம் கரித்தூளே வாரதில்ல தம்பி. உப்பு அப்பிடி வெள்ளையா வெளையுது" என்றார். பஸ் வந்தது. ஏறும்போது திரும்பினார். "அந்த ஹாலந்துக்காரருக்கு எழுதிப் போடுங்க. சந்தோசப்படுவாரு."