மாடி வீட்டைக் காலி செய்யச் சொன்னேன்

கோவையில் எங்கள் மாடி வீட்டில், திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி இரண்டு வருடம் குடியிருந்தார்கள். கணவருக்கு இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் வேலை. ஊரிலிருந்து வரும் நெத்திலிக் கருவாட்டை மனைவி மொட்டை மாடியில் வெயிலில் போடுவாள். பக்கத்து வீட்டில் முகம் சுளிக்கிறார்கள் என்று என் கணவரிடம் சொன்னேன். உண்மையில் அங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சைவச் சமையல் மட்டுமே செய்கிற எனக்குத்தான் அந்த வாடை பிடிக்கவில்லை.

அவளிடம் நேரே சொல்லத் தைரியமில்லாமல், "பையன் பெங்களூர் வேலைய உட்டுப்போட்டு இங்கயே வாரான் கண்ணு. மாடி ஊடு அவனுக்கு வேணும்" என்றேன்.

"அதுக்கென்னக்கா, தம்பி வரட்டும்" என்று ஒரே மாதத்தில் காலி செய்தாள். மகன் இன்றும் பெங்களூரில்தான் இருக்கிறான்.

போன ஆனியில் திருச்செந்தூர் கோயிலுக்குப் போனோம். அவர்களும் ஊர் திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்ததால் போன் செய்தேன். அவளே ஆட்டோவில் வந்து கூட்டிப்போனாள். என் கணவர் லாட்ஜ் அறையிலேயே படுத்துக்கொண்டார்.

கடற்கரை என்றால் மணலும் அலையும் என்றே நினைத்திருந்தேன். கோவையில் பாலக்காட்டுக் காற்றும் தூறலுமாகக் குளிர்ந்து கிடந்த நேரம். இங்கே காற்று அனலாக வீசியது. தேரி என்கிற செக்கச்சிவந்த மணல்மேடு, அதில் பனைகள். அப்புறம் வாழைத்தோட்டம். பிறகு கண் கூசும் உப்பளம். அதையும் தாண்டித்தான் கடல்.

"அங்க பனை, இங்க உப்பு, கரையில மீனு. ஆளுக்கொரு பொழப்புக்கா. ஐப்பசி மழை வரைக்கும் நான் இங்கதான் உப்பு வாருவேன்" என்றவள், "தம்பி வந்துட்டாரா?" என்று கேட்டாள்.

மறுபடி பொய் சொல்ல வாய் வரவில்லை. "அவன் வரவேயில்ல கண்ணு. கருவாட்டு வாடை எனக்கு ஆகல. அதான் அப்படிச் சொல்லிப்போட்டேன்."

உப்பள வரப்பில் முன்னால் நடந்தவள் நின்றுவிட்டாள். "சொல்லிருந்தா காயப்போட்டிருக்க மாட்டேனேக்கா." பிறகு, "அடுத்து கெடச்ச வீடு ரொம்பத் தூரம். ரெண்டு பஸ் மாறிப் போயி வர முடியாம அவுக ஃபவுண்டரி வேலைய விட்டுட்டாக. இப்ப லாரியில உப்பு மூட்டை ஏத்துதாக" என்றாள். குரலில் கோபமில்லை. உப்புத் தண்ணீரில் நின்று அவள் பாதங்கள் வெடித்திருந்தன.

வீட்டில் எனக்காக அடுப்படியைக் கழுவிவிட்டு, புதுப் பாத்திரத்தில் பருப்பும் கத்தரிக்காயும் செய்து வைத்திருந்தாள். சாப்பிட்டதும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். "உங்க பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்று எழுந்துவிட்டாள்.

அதன்பின் நானாக அவளுக்குப் போன் செய்ததில்லை. நல்லநாள் வந்தால் அவள்தான் கூப்பிடுகிறாள்.